திருந்திய பூனை

எழுபதுகளில் ஆம்பூரில் குடியிருந்தோம். என் கணவர் வேலை பார்த்த தோல் கிடங்கில் எலித் தொல்லை என்று, எங்கள் பூனையின் இரண்டு குட்டிகளையும் என்னைக் கேட்காமலே தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதன்பின் தாய்ப்பூனை பாலைத் திருடவில்லை, கத்தவில்லை. விறகு மூலையிலேயே கிடந்தது.

“இப்பதான் திருந்தியிருக்குது. சத்தமே கம்மி” என்று என் மாமியாருக்கு ஏகத் திருப்தி.

மீன் தலையை அதன் முன்னால் போட்டேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஓயாமல் உடம்பை நக்கிக்கொண்டிருக்கும் பூனை, முடி சிக்குப் பிடித்துக் கிடந்தது.

“குட்டிங்கள கொண்டாந்து விடுங்க” என்றேன் கணவரிடம்.

“பூனைக்கு இன்னா, மனக்கவலையா?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நானே கிடங்குக்குப் போனேன். ஒரு குட்டிதான் அகப்பட்டது. அதைக் கண்டதும் தாய் எழுந்து வந்து நக்கத் தொடங்கியது. மறுநாள் பால் சட்டி உருண்டது. மாமியார் திட்டினார், திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போதெல்லாம் யாரையாவது ‘எவ்வளவு அமைதி’ என்று மெச்சினால், அவர்கள் சாப்பிட்டார்களா என்றுதான் முதலில் பார்க்கிறேன். கல்யாணமான புதிதில் மாமியார் என்னையும் அப்படித்தான் ஊரெல்லாம் மெச்சினார். என் தட்டை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.