மாமா வேதத்துக்குப் போன ஞாயிறு

ஒலித்த நரம்பிலும் ஒலியாது நின்ற இடைவெளியிலும் ஒருங்கே உறையும் வேலவனே, உன் திருவடி என் எழுத்துக்கு முன் நிற்பதாக.

இன்று வைகாசி விசாகம். காலைப் பூசையில் பதிகம் ஓதிவிட்டு வந்து, நெடுநாளாய் நெஞ்சை உறுத்தும் ஒன்றை எழுத அமர்கிறேன்.

என் அம்மாவின் தம்பி கிற்றார் வாசித்துச் சீவித்தவர். சோல், ஃபங்க் என்று கறுப்பின மக்கள் வளர்த்தெடுத்த இசை அவருடையது. எண்பதுகளின் நடுவில் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டின் வடபுலத்து நகரங்களில், தொழிலாளர் கிளப்புகளிலும் கடற்கரை விடுதிகளிலும் வாசித்தார். அமெரிக்காவிலிருந்து வந்த பாடகர்களுக்குப் பின்வரிசையில் நின்றார். தொண்ணூறுகளில் இளையோர் பழைய ஃபங்க் இசையைத் தேடியெடுத்தபோது, அவர் எப்போதோ பதிந்த சில விநாடித் துண்டொன்றை வெட்டி, நடனப் பாட்டு ஒன்றில் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். செவன் கிங்ஸ் என்ற புறநகரில் ஒரு மரக்கறிக் கடையின் வானொலியில் அதைக் கேட்டு, வெண்டிக்காய்ப் பையோடு அசையாமல் நின்றிருக்கிறேன். இசைத்தட்டு உறைகளில் அவருடைய நீண்ட பெயர் இரண்டே அசைகளாகக் குறுகியிருந்தது. அப்பா அவற்றில் ஒன்றையும் கேட்டதில்லை. மாமாவும் அவரும் ஒரு ஞாயிற்றுக்குப் பிறகு ஒரே மேசையில் இருந்து உண்டதுமில்லை. அதற்குக் காரணம் பத்து வயதுச் சாட்சி ஒருத்தி. அவள் நான்.

அப்போது ஆர்ச்வே என்ற பகுதியில் ஒரு கடைக்கு மேலே, இரண்டு அறை வீட்டில் இருந்தோம். மாமா பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்தார், எங்களோடு தங்கியிருந்தார். ஞாயிறு தோறும் காலையில் குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, எங்கே என்று சொல்லாமல் புறப்படுவார். ஒருநாள் அப்பா, தாம் போன பஸ்ஸிலிருந்து, அவர் ஒரு தேவாலயத்தின் வாசலால் உள்ளே போவதைக் கண்டுவிட்டார். எங்கள் ஊரில் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்பார்கள்; சைவர் ஒருவர் மதம் மாறினால் வேதத்துக்குப் போய்விட்டார் என்பார்கள்.

"உன்ரை தம்பி வேதத்துக்குப் போட்டான்," என்றார் அப்பா.

"சும்மா இருங்கோ. பெடியன் குளிருக்கு ஒதுங்கியிருப்பான்," என்றார் அம்மா.

"ஞாயிற்றுக்கிழமையிலை மட்டுமோ அவனுக்குக் குளிருது?"

அடுத்த கிழமை, துவைக்கப் போட்ட சட்டையின் பையில் ஒரு கடதாசித் துண்டு அகப்பட்டது. ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஒன்பதும். ஏ என்ற எழுத்தும் பதின்மூன்றும். இவை கிற்றாரில் விரல் வைக்கும் முறைகளின் பெயர்கள் என்று இன்று அறிவேன். மிஷன் பள்ளியில் படித்த அப்பாவோ, வேதாகம நூல்களின் முதலெழுத்தும் அதிகார எண்ணும் என்று கண்ட கணமே தீர்த்துவிட்டார். இந்த வீட்டுச் சுவாமிப்படத்துக்கு முன்னால் சோறு தின்றுகொண்டு அங்கே போய்க் கும்பிடுகிறவன் அன்றைக்கே வெளியேற வேண்டும் என்றார். அம்மாவுக்கு இந்த நாட்டில் இருந்த ஒரே உடன்பிறப்பு மாமாதான்; கண்ணால் கண்ட சாட்சி வேண்டும் என்று மன்றாடினார்.

மறு ஞாயிறு அப்பா புன்னகையோடு, "தம்பி, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ, அவளுக்கும் பொழுது போகும்," என்றார். பிறகு என்னைத் தனியே அழைத்து, "கண்டதை ஒண்டும் விடாமல் வந்து சொல்லு," என்றார். தலையாட்டினேன்.

பஸ்ஸில் மாமா என் காதருகே குனிந்தார். "குஞ்சு, அங்கை ஒரு கிற்றார் இருக்கும். அதை மட்டும் வீட்டிலை சொல்லாதை. அத்தான் அறிஞ்சால் விடச் சொல்லுவார். அவர் சொன்னால் என்னாலை மறுக்கேலாது."

அதற்கும் தலையாட்டினேன்.

தேவாலயத்தின் பின்னே ஒரு மண்டபம் இருந்தது. அதை ஓர் இசைக்குழு வாடகைக்கு எடுத்துப் பழகியது என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஏழெட்டுப் பேர் வட்டமாக நின்று கைகோத்தார்கள். ஜமேக்கா நாட்டுப் பாடகி அம்மையார் ஒருவர் கண்ணை மூடி எதையோ வேண்டினார். மாமாவும் கண்ணை மூடினார். நான் மூடவில்லை.

பின்னர் மாமா சிவப்புக் கிற்றாரைத் தோளில் மாட்டினார். வலக்கை தையல் இயந்திரத்து ஊசிபோல் ஓடியது. ஆனால் பதினாறு தட்டில் மூன்றோ நான்கோதான் ஒலித்தன. மற்றவற்றை இடக்கை அமுக்கி அடக்கியது. வாசிக்கத் தெரியாமல் தடுமாறுகிறார் என்று நினைத்தேன். டிரம் அடித்த பெரியவரோ, "அங்கே, அங்கே!" என்று ஆங்கிலத்தில் கூவிச் சிரித்தார். ஊரில் மிருதங்கம் பழகிய கைதான் எந்தத் தட்டை விடுவது என்று அறிந்திருந்தது என்பதைப் பின்னாளில் விளங்கிக்கொண்டேன்.

இடைவேளையில் ஒரு தட்டில் வட்டமாய் மெல்லிய பிஸ்கட்டும், குவளைகளில் சிவப்புப் பானமும் வந்தன. வேதக்காரர் பூசையில் வட்டமாய் அப்பமும் சிவப்பாய்த் திராட்சை இரசமும் கொடுப்பார்கள் என்று பள்ளித் தோழி சொல்லியிருந்தாள். உண்டால் அன்றோடு நானும் அவர்களில் ஒருத்தி. பாடகி அம்மையார் நீட்டியபோது கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். மாமா இரண்டு எடுத்தார்.

திரும்பி வரும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது. "மூண்டு மாசம் ஊர் ஊராய்ப் போய் வாசிக்க என்னைக் கேட்டிருக்கினம். செவ்வாய்க்கிடையிலை சொல்லவேணும்."

வீட்டில் அப்பா கேட்டார். சொன்னேன். "கைகோத்துக் கும்பிட்டவை. வட்டமாய் ஒண்டு குடுத்தவை, மாமா வாங்கித் திண்டவர். சிவப்பாயும் குடிச்சவர்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா எழுந்து நின்றார். "பிள்ளை சொல்லுறது உண்மையோ?"

மாமா என்னைப் பார்த்தார். நான் கிற்றாரைச் சொல்லவில்லை என்பதைக் கண்டுகொண்டார். ஒரு வார்த்தையில் அவர் தப்பியிருக்கலாம்.

"ஓம் அத்தான். அவள் பொய் சொல்லமாட்டாள்."

அரை மணியில் பெட்டி கட்டியாயிற்று. அம்மா அழுதபடி படியிறங்கி வழியனுப்பினார். எங்கள் யன்னலுக்கு நேர் கீழே பஸ் தரிப்பிடம். ஞாயிற்றுக்கிழமை பஸ் தாமதம். மாமா பெட்டியின் மேல் உட்கார்ந்து வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா யன்னலுக்கும் கதவுக்குமாக இரண்டு முறை நடந்தார். பிறகு கதவின் தாழில் கை வைத்தபடி, என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நல்லாய் யோசிச்சுச் சொல்லு. அங்கை வேறை ஒண்டும் காணேல்லையோ? அவன் அங்கை வேறை ஏதும் செய்தவனோ?"

குரல் வழமைக்கு மாறாக மெலிந்திருந்தது. என்னைச் சோதிக்கிறார் என்று சந்தேகித்தேன். மாமாவுக்குத் தலையாட்டியது நினைவில் இருந்தது.

"ஒண்டுமில்லை, அப்பா."

கீழே பஸ் வந்து நின்றது. அப்பாவின் கை தாழிலிருந்து இறங்கியது. மாமாவுக்குக் கொடுத்த வாக்கைக் காத்துவிட்டேன் என்று அன்று மகிழ்ந்து உறங்கினேன். மாமாவைத் திரும்பக் கூப்பிட ஒரு காரணத்தை அப்பா என்னிடம் இரந்து நின்றார் என்பது, அந்தப் பத்து வயதுக்கு விளங்கவில்லை.

இதை வாசிப்போர் எல்லோரும் நீடு வாழ்க. உங்கள் வீட்டில் கேட்கப்படும் கேள்விகள் உரிய நேரத்தில் உங்களுக்கு விளங்குவதாக. வெளியே போனவர் திரும்பி வரும் வழியை வேலவன் காப்பானாக.