பொற்கொடி போடும் சிவப்பு வட்டம்

பொற்கொடி வலது கைப் பெருவிரல் நகத்தை மட்டும் வெட்டுவதில்லை. அந்த நகத்தை ஃபோர்க்கின் மேல் வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே வருகிறார். மலைச் சைக்கிளின் முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, மேடு பள்ளத்தில் அமுங்கி எழுகிறதே, அதுதான் ஃபோர்க். கண்ணுக்கு எந்தக் குறை பட்டாலும் கை நின்றுவிடும். மேசையிலிருக்கும் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். பிறகு நகம். "மாட்டுனா வெடிப்புங்க, குப்பைக்குப் போயிரும். மாட்டலீன்னா கீறல், விக்கலாமுங்க." தன் நகம் ஒன்றில்கூட அந்தப் பாலிஷைப் பூசி நான் பார்த்ததில்லை.

கடை உக்கடத்தில், ஆட்டோ நுழையாத ஒரு சந்தில் இருக்கிறது. பெங்களூரிலும் ஊட்டியிலும் வசதியான பிள்ளைகள் புதிது மாட்டிக்கொண்டு கழற்றிப் போட்டவை எல்லாம் இங்கே வந்து சுவரில் தொங்குகின்றன. பிரித்து, சீல் மாற்றி, ஆயில் ஊற்றி விற்கிறார். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஒரு பம்ப்செட் பவுண்டரியில் செக்கிங் வேலை. வார்ப்பில் பழுதிருந்தால் சிவப்பு மை வைத்து ஒதுக்க வேண்டும். "அங்க செவப்பு வெச்சா உருக்கப் போயிருமுங்க. இங்க செவப்பு வெச்சே விக்கறனுங்க." பாலிஷ் வருவது பக்கத்து ஃபேன்சி ஸ்டோர் ஃபர்சானாவிடமிருந்து. "ஊருல எல்லாரும் கைக்குப் போடுவாங்க, இந்தக்கா இரும்புக்குப் போடுது" என்று சொல்லிச் சொல்லி அவருக்கு அலுக்கவே இல்லை.

பொருளைப் பற்றி பொற்கொடி ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. "நல்லத நீங்களே பாத்துக்குவீங்க. கெட்டத நாந்தானுங்க சொல்லோணும்." வாங்குகிறவர் ஒவ்வொரு வட்டத்திலும் விரல் வைத்து, என்ன குறை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைப் போனில் பதிவு செய்துகொள்வார். இரண்டு வருடத்துக்கு முன், சர்க்கரையைக் காட்டி டாக்டர் பயமுறுத்தியதில் நானும் சைக்கிள் வாங்கி, இவரிடம் ஃபோர்க் மாட்டினேன். சைக்கிளுக்கு முன்னால் என் தொப்பை போகும். தலை நரைத்த வயதில், வாய்ப்பாடு ஒப்பிக்கும் பையனைப் போல மூன்று வட்டங்களையும் தொட்டுத் தொட்டுச் சொன்னேன். "சத்தமாச் சொல்லுங்க, போன்ல உழுகல" என்று திரும்பச் சொல்ல வைத்தார்.

புகாரோடு வருகிறவரை இடையில் தடுக்க மாட்டார். அவர் கத்தி முடித்ததும் போனை எடுத்து அவருடைய குரலையே போட்டுக் காட்டுவார். தன் குரலோடு யார் சண்டை போட முடியும்? ஆள் அடங்கியதும் ஒரே வார்த்தைதான்: "அன்னிக்கே சொல்லிப்போட்டனுங்களே." அந்த வார்த்தையில் ஒரு பிடி கர்வமும் இருக்கும். உண்மையைச் சொன்னால், எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருக்கும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஆயில் மாற்றப் போயிருந்தேன். என் சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தபோது பல்லடத்துக்காரர் ஒருவர் கோழித் தீவனச் சாக்கோடு வந்தார். பெயர் தனபால், கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். சாக்கைத் தரையில் கவிழ்த்தார். இரண்டு கால்களும் மேலே சேருகிற தலையில் உடைந்த ஒரு ஃபோர்க் விழுந்தது.

"ஏனுங்க, இது உங்க கடைல வாங்குனதுதானுங்களே? என்ற புள்ள பிரவீனா மதுக்கரை எறக்கத்துல உழுந்து தோள் எலும்பு ரெண்டாப் போச்சுங்க."

"பாப்பாவுக்கு இப்ப எப்படீங்க இருக்குது?"

"கட்டுப் போட்டுப் படுத்திருக்குது. ஒடஞ்சத வித்துப்போட்டு இப்ப விசாரிக்கற. சைக்கிள்காரங்க வாட்ஸ்அப் குரூப்பு ஒண்ணு உடாமப் போட்டுர்றேன். நாளைக்கு ஒருத்தன் இங்க வரமாட்டான், பாரு."

எங்கள் பக்கத்தில் கோபக்காரர்கூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். அது நின்றுபோனால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். மிரட்டலும் வெறும் மிரட்டல் இல்லை. இந்தக் கடைக்கு போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. பொற்கொடி சொன்னால் சரியாக இருக்கும் என்று நாலு பேர் சொல்வதில்தான் ஷட்டர் ஏறுகிறது. அது போனால், நாற்பத்து மூன்று வயதுப் பொற்கொடியைப் பவுண்டரிக்காரன் திரும்பக் கூப்பிடப் போவதில்லை. 

பொற்கொடி போனைத் தேடி எடுத்தார். தனபாலின் குரல் தெளிவாக வந்தது: "மூணாவது, தலையில ஒரு கீறலுங்க. பாத்துட்டனுங்க." அதன் பின்னால் பொற்கொடியின் குரல்: "நகம் மாட்டலீங்க. கீறல்தான்."

தனபாலின் முகம் சுருங்கிவிட்டது. "நாஞ் சொன்னதுதானுங்க" என்றார். 'ங்க' திரும்பி வந்திருந்தது. வெறும் சாக்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்தப் பெண்ணின் தோளை அந்த நிமிடம் நான் நினைக்கவில்லை.

வழக்கமான வார்த்தை வரவில்லை. பொற்கொடி உடைந்த தலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்திருந்தார். உடைந்த வாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படியே கீழே வைத்திருந்தால் போதும், கதை முடிந்தது.

"ஏனுங்க, நில்லுங்க" என்றார்.

தனபால் திரும்பினார்.

"இங்க பளபளன்னு இருக்குதுங்களா, இது அன்னிக்கு ஒடஞ்சது. இந்த ஓரத்தப் பாருங்க."

நானும் எழுந்து போய்ப் பார்த்தேன். உடைந்த உலோகத்துக்கு உள்ளே, ஓரத்தில், நூல் கனத்துக்கு ஒரு சிவப்பு.

"நான் போட்ட பாலிஷுங்க. வட்டத்தோட கோடு கீறல் மேல ஏறியிருக்குது. வெடிப்பு இருந்தாத்தான் உள்ள எறங்கும். நான் வட்டம் போட்ட அன்னிக்கே வெடிப்பு இருந்திருக்குதுங்க. நகத்த நம்பிக் கீறல்னு சொல்லிப்போட்டேன். தப்பு என்றதுதானுங்க."

தனபால் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. மடித்த சாக்கை ஸ்டூலில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். "நான் போயிருப்பனுங்களே. எதுக்குங்க கூப்பிட்டீங்க?" என்றார்.

"இந்த நகத்துல பாத்துத்தானுங்க எல்லாத்தையும் வித்திருக்கறேன். எத்தன பேரு எறக்கத்துல போயிட்டிருக்காங்களோ."  அந்தச் சிவப்பைப் போட்டோ எடுத்து, தனபால் போடுவதாக மிரட்டிய அதே குரூப்பில் தானே போட்டார். தலையில் வட்டம் உள்ள ஃபோர்க்கை யாரும் ஓட்ட வேண்டாம், கொண்டு வாருங்கள் என்று கூடவே பேசி அனுப்பினார். தன் கடை ஷட்டரை இழுத்துவிட ஒரு பெண் தானே கைவைப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமாக எரிச்சல்பட்டதற்கு வெட்கமாக இருந்தது.

அப்புறம் என்னைப் பார்த்தார். என் மூன்றாவது வட்டமும் தலையில்தான். எனக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"எனக்கு ஒண்ணும் ஆகலீங்களே, ரெண்டு வருஷமா நல்லாத்தான ஓடுது" என்றேன். வாசலுக்கு வந்து சைக்கிளை மறைத்துக்கொண்டு நிற்கிறேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

பொற்கொடி ஃபர்சானாவிடம் பாலிஷ் அழிக்கும் திரவத்தை வாங்கி வந்து, சந்தில் என் சைக்கிளுக்கு முன்னால் மண்டியிட்டார். துணியில் நனைத்து வட்டத்தைத் துடைத்தார். சிவப்பு துணிக்கு வந்தது. கீழே பழைய கீறல், முன்பு பார்த்த மாதிரியேதான் இருந்தது. பெருவிரல் நகத்தை அதன் மேல் கொண்டுபோனார். தொடுவதற்கு முன்பே விரலை மடக்கிக்கொண்டார். பிறகு ஸ்பானரை எடுத்து, ஃபோர்க்கை இறக்க என் முன்சக்கரத்தைக் கழற்றத் தொடங்கினார்.