நானே தூக்கி நிறுத்திய வண்டி

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரிக்குப் பச்சைத் தோல் வாங்கிப் போடுவது அப்போது என் வேலை. குடியாத்தம் ஒரு நாள், வாலாஜாபேட்டை மறுநாள் என்று ரயிலையும் மாட்டு வண்டியையும் நம்பி அலைந்தேன். நான் போய் இறங்குவதற்குள் நல்ல தோலை வேறு யாராவது தட்டிக்கொண்டு போயிருப்பார்கள். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து ரயிலுக்குக் காத்திருக்க என்னால் முடியாது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். மோட்டார் சைக்கிள் வாங்கும் எண்ணம் அப்படி நடக்கும்போது வந்ததுதான். வந்த பிறகு வேறெதுவும் ஓடவில்லை. எனக்கு ஓட்டத் தெரிந்ததோ வெறும் சைக்கிள்.

வேலூரில் ஒரு வெள்ளைக்கார என்ஜினீயர் சீமைக்குத் திரும்புவதால் தன் வண்டியை விற்கிறார் என்று கேள்விப்பட்டேன். என் மனைவியும் கூடவே வந்தாள். கல்யாணத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவாள்.

கறுப்பு வண்டி, எருமை கனம். அவர் ஒரு உதை உதைத்ததும் என் செருப்புக்கடியில் தரை அதிர்ந்தது. அங்கேயே சரி என்று சொல்லியிருப்பேன். அதற்குள் அவள் தன் ஆஸ்பத்திரி இங்கிலீஷில் வண்டியைக் கீழே சாய்க்கச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே சாய்த்தார்.

"இப்போ தூக்குங்க," என்றாள் என்னிடம்.

"இன்னாத்துக்கு?"

"வழியில விழுந்தா யாரு வந்து தூக்குவா?"

மூன்று தரம் முயன்றேன். அசையவில்லை. கடைசியில் என்ஜினீயரும் தோட்டக்காரரும் சேர்ந்து நிறுத்தினார்கள். திரும்பும் ரயிலில் நான் அவள் பக்கத்தில் உட்காராமல் கதவோரம் நின்றே வந்தேன். அதற்குப் பிறகும் இரண்டு முறை தனியாகப் போய் அந்த பங்களா கேட்டருகே நின்று வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாம் முறை வண்டி இல்லை.

அரக்கோணத்தில் ஒரு ரயில் டிரைவரிடம் பழைய வண்டி இருந்தது. சின்னது, பெயின்ட் உரிந்தது.

"வேகம் கம்மிதான்," என்றார். "ஆனா சொன்ன பேச்சு கேக்கும்."

இந்த முறை நானே சாய்த்து நானே தூக்கினேன். ஒரே மூச்சில் எழுந்தது. எனக்குப் பைத்தியமோ என்பதுபோல் பார்த்தார். ஆனாலும் பணத்தை வாங்கிக்கொண்டு, இரண்டு நாள் காலையில் மைதானத்தில் கூடவே ஓடி ஓடிக் கற்றுக்கொடுத்தார்.

மூன்றாம் நாள் ஆம்பூருக்குத் தனியாகக் கிளம்பினேன். பாலாற்றோர மணலில் இரண்டு தரம் விழுந்தேன். சாயங்காலம் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது அவள் வாசலில் நின்றிருந்தாள். நிறுத்தத்தான் நினைத்தேன். கை கேட்கவில்லை. வீட்டைத் தாண்டி, ஊரைத் தாண்டி, வாணியம்பாடியில் எனக்குத் தெரிந்த பாயின் தோல் மண்டிக்குப் போய்த்தான் நின்றேன்.

"இன்னா விஷயம்?" என்றார் பாய்.

"ஒண்ணும் இல்ல பாய். சும்மா வந்தேன்."

அவர் கொடுத்த டீயை நின்றுகொண்டே குடித்துவிட்டுத் திரும்பினேன்.

"நிறுத்தத் தெரியலையா?" என்று கேட்டாள் மனைவி.

"தெரியும். நிறுத்தத் தோணல."

அவள் வண்டியின் பின்பக்கம் சாமான் கட்டும் கம்பிச் சட்டத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாள்.

"இது ஒரு ஆள் தாங்குமா?" என்றாள்.