செஸ் கம்ப்யூட்டர்காரர் அழித்த அரைப் பக்கம்

எண்பதுகளில் செங்கம் ரோட்டில் என் இட்லிக் கடைக்கு மேல் அறையில் ஒரு மாதம் தங்கியிருந்தார், மெட்ராஸ்காரர். ஒல்லி உடம்பு, காதில் பென்சில். கம்ப்யூட்டருக்குச் செஸ் ஆடச் சொல்லித்தருகிற வேலையாம். நோட்டில் எழுதுவதைவிட ரப்பரால் அழிப்பதுதான் ஜாஸ்தி.

“ஏன் தம்பி, எழுதினதையெல்லாம் அழிக்கிறீங்க?”

“போட்டி வருதும்மா. எதிராளி மிஷின் ரொம்ப வேகம். காய் நகர்த்துற எல்லா வழியையும் பார்த்துடும். என்னுது வேகம் கம்மி. வேண்டாத வழியைக் கழிச்சுட்டு, நல்லதை மட்டும் பார்க்கச் சொல்றேன்.”

“அதுக்கென்ன? பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்கு எனக்கும் ஒரே அடுப்புதான். தோசையே கிடையாதுன்னுடுவேன். இட்லியில என்னை யார் ஜெயிச்சாங்க?”

சிரித்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து இன்னும் அரைப் பக்கம் அழித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போட்டி முடிந்து அறையைக் காலி செய்ய வந்தவர், இட்லியைப் பிட்டபடி, “தோத்துட்டேம்மா” என்றார். “நான் கழிச்சுட்ட ஒரு வழியிலதான் அந்த மிஷின் வந்து அடிச்சுது.”

“அன்னிக்கு நான் பேசினப்புறம் அழிச்சீங்களே, அதுவா?”

“சட்னி இன்னும் கொஞ்சம் போடுங்கம்மா” என்றார்.

போட்டேன். அடுத்த பௌர்ணமிக்கு இரண்டாவது அடுப்பு வைத்துத் தோசையும் ஊற்றினேன்.