பை பார்க்க ஒரு ஆள்

எங்கள் வீட்டில் எங்கேயாவது போவதென்றால் முதலில் ஒரு தாள் வரும். என் பிழைப்பு அப்படி. பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் யார் எந்த ஷிப்ட், யாருக்கு எப்போது ஓய்வு என்று பட்டியல் போட்டுத்தான் இத்தனை வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன். தங்க வயலிலிருந்து விடியற்காலை ரயிலைப் பிடித்துப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவன். முழு நாளும் வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்தான். அன்றைக்கும் சும்மா இருக்க மாட்டேன். கோடு போட்ட தாளை எடுத்துக்கொண்டு குடும்பத்தையும் கட்டத்துக்குள் அடைக்கப் பார்ப்பேன். பக்கத்து வீட்டில் யாராவது கேட்டால் என் மனைவி, "டூட்டி போட்னு கீறாரு" என்பாள்.

போன தசரா விடுமுறைக்கு மூன்று நாள் பயணம் என்று முடிவானது. கல்லூரியில் படிக்கும் மகளுக்கு பெங்களூர் வேண்டும். நான் தினமும் போய்ச் சலித்த பெங்களூர் இல்லையாம், மெட்ரோவும் மாலும் பூங்காவும் உள்ள வேறு பெங்களூராம். ஒன்பதாவது படிக்கும் மகனுக்கு, அந்த நகரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தீம் பார்க் வேண்டும். மனைவிக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எனக்கே தெரியும் என்று இருந்துவிட்டேன். குடியாத்தம் பக்கத்தில் அவளுடைய அப்பா வழி ஊர் இருக்கிறது. சித்தப்பா, சித்தி எல்லாம் அங்கேதான். அவள் பிறந்தது வளர்ந்தது இங்கே, சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய நந்திதுர்க் லைன் வீட்டில். அந்த ஊருக்குப் போனதெல்லாம் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். ஆனாலும் தங்க வயலுக்குப் பிழைக்க வந்த எங்கள் ஆட்கள் "ஊருக்குப் போறேன்" என்றால் அது ஆற்காட்டுப் பக்கம் என்றுதான் அர்த்தம். அதனால் மூன்றாம் நாள் ஊர், அது அவளுக்கு என்று எழுதிவிட்டு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

பட்டியலில் ஒரு சிக்கல் இருந்தது. பெங்களூர் மேற்கே, குடியாத்தம் கிழக்கே, நடுவில் எங்கள் வீடு. தீம் பார்க் முடிந்து ஊருக்குப் போகும் வழியில் ஒரு ராத்திரி சொந்த வீட்டிலேயே தங்க வேண்டும். உலகத்தில் எந்தக் குடும்பமும் சுற்றுலா போய்த் தன் வீட்டில் தங்கியிருக்காது. லாட்ஜ் செலவு மிச்சம் என்று பெருமையாகச் சொன்னேன்.

"அப்ப ஈரத் துணியெல்லாம் நானு அன்னிக்கே தொவைக்கணும்" என்றாள் மனைவி.

"மிஷின் இருக்குது இல்ல?"

"மிஷினு தானே போயி தண்ணி ரொப்பிகினு வருதா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் லைனில் குழாயில் தண்ணீர் வரும் நாள் ஒரு பண்டிகை. அன்றைக்கு அவள் எல்லா வேலையையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு டிரம், பக்கெட், குடம், கடைசியில் குக்கர் வரை ரொப்பி வைப்பாள். நல்ல தண்ணீர் ஒரு பக்கம், உப்புத் தண்ணீர் ஒரு பக்கம். அதில் யாராவது சொம்பை மாற்றிப் போட்டால் அன்றைக்கு வீடு இரண்டாகும்.

அதற்கு இரண்டு வாரம் முன்பு மகள் தன் போனில் அந்தப் பார்க்கின் அலைக்குளத்தைக் காட்டியபோது மனைவி அடுப்பைக்கூட அணைக்காமல் வந்து பார்த்தாள்.

"இன்னாடி இது, இவ்ளோ தண்ணி! நல்ல தண்ணியா?"

"நல்ல தண்ணிதாம்மா. மருந்து போட்டிருப்பாங்க."

"யாரு ரொப்புவாங்க?"

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும்தான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். புடவையோ பருத்தித் துணியோ கட்டிக்கொண்டு போனால் தண்ணீரில் விடமாட்டார்கள், நைலான் உடை மட்டும்தான் என்று மகள் சொன்னதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு அடுப்பில் கருகிய வெங்காயத்தைக் கவனிக்கப் போய்விட்டாள்.

தீம் பார்க் நாளுக்கு நான் இரண்டு கட்டம் போட்டேன். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சுரங்கம் ஓடிய காலத்தில் எங்கள் ஊரில் வேலைக்காரர்கள் இரண்டே வகை. கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி பூமிக்குள் இறங்குகிறவர்கள் அண்டர்கிரவுண்ட். மேலே ஒர்க்‌ஷாப்பிலும் மில்லிலும் வேலை செய்கிறவர்கள் சர்பேஸ். என் அப்பா அண்டர்கிரவுண்ட். மாமனார் சர்பேஸ், தச்சு வேலை. அண்டர்கிரவுண்ட்காரர்களுக்கு எப்போதும் கொஞ்சம் திமிர் உண்டு. பெண் பார்க்கப் போன இடத்திலேயே என் சித்தப்பா, "தலையில வெளக்கு கட்டாத குடும்பம்பா" என்று கிண்டல் செய்தார். சுரங்கத்தை மூடி எத்தனையோ வருடமாகியும் எங்கள் வீட்டு விசேஷங்களில் அவளுக்கு அந்தப் பேச்சு ஓயவில்லை.

அந்தப் பழக்கத்தில்தான் எழுதினேன். அண்டர்கிரவுண்ட்: அப்பா, அக்கா, தம்பி. அதாவது தண்ணீரில் இறங்குகிறவர்கள். சர்பேஸ்: அம்மா. அடைப்புக்குள் பை, செருப்பு, போன். தாளை பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். பிள்ளைகளுக்குத் தமாஷாக இருந்தது. மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து படித்தாள்.

"நானு சர்பேஸா?"

"யாராச்சும் ஒருத்தர் மேல இருக்கணும் இல்லம்மே?"

"இருக்கணும், இருக்கணும்" என்று சொல்லிவிட்டு சோறு வடிக்கப் போனாள். யாரும் சண்டை போடாமல் பட்டியல் நிறைவேறியதில் எனக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்த ஞாயிறு, அறை சொல்லி வைக்க பெங்களூர் லாட்ஜுக்குப் போன் போட்டபோது எல்லோருடைய ஆதாரும் கேட்டார்கள். மனைவி ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போயிருந்தாள். அவளுடையதைத் தேடி பீரோவைத் திறந்தேன். பட்டுப்புடவைகளுக்கு அடியில் கையை விட்டபோது வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தால் கருநீலத்தில் நைலான் பேன்ட்டும் முழுக்கைச் சட்டையும். மகளுடையது என்றால் இந்த அளவு இருக்காது. கடைச் சீட்டு இன்னும் காலரில் தொங்கியது. ஆனால் துணி ஒரு தடவை துவைத்து மடிக்கப்பட்டிருந்தது.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எனக்கு எது வந்தாலும் முதலில் கோபமாகத்தான் வரும். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் வாய் முத்து உதிர்ந்துவிடுமா என்று முனகிக்கொண்டே தண்ணீர் குடிக்க பிரிட்ஜைத் திறக்கப் போனேன். கதவில் என் கையெழுத்து.

நின்று முழுதாகப் படித்தேன். முதல் நாள், பெங்களூர்: அம்மா வழிக்கு இட்லி கட்டிக்கொள்ளவும். இதுவரை அவள் பெங்களூருக்குப் போனது மூன்று தடவை, மூன்றும் ஆஸ்பத்திரிக்கு. இரண்டாம் நாள், பை. அன்று ராத்திரி, துணி. மூன்றாம் நாள், அவளுக்கென்று நான் தாராளமாக ஒதுக்கிய ஊரில் என்ன எழுதியிருந்தேன் தெரியுமா? 'சித்திக்குக் கூடமாட.' மூன்று நாளில் ஓய்வு என்று அவளுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. தொழிற்சாலையில் இப்படி ஒரு பட்டியல் போட்டிருந்தால் யூனியன்காரர்கள் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தச் சட்டையை வாங்கிய அன்றைக்கு அவள் எவ்வளவு ஆசையாக வீட்டுக்கு வந்திருப்பாள், பிறகு என் தாளைப் படித்தபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

துணியை இருந்தபடியே வைத்தேன். புதுத் தாள் எடுத்து, சர்பேஸ் கட்டத்தில் என் பெயரை எழுதினேன். மாலை டீ குடிக்கும்போது எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

"இன்னா திடீர்னு?" என்றாள் மனைவி.

"எனக்கு தண்ணின்னா பயம். நீச்சலா தெரியும் எனக்கு?" என்றேன். அதுவும் பொய் இல்லை.

மகள் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்பா, அங்க லாக்கர் இருக்குது. பேகு, செருப்பு, போன் எல்லாம் உள்ள வெச்சிப் பூட்டிட்டு சாவிய கைல கட்டிக்கலாம். சாக்குப்பா உன் சர்பேஸும் அண்டர்கிரவுண்டும்." சாக்கு என்றால் கன்னடத்தில் போதும். தமிழில் தட்டிக்கழிக்கச் சொல்லும் காரணம். அன்றைக்கு எனக்கு இரண்டுமே பொருந்தியது.

"அப்ப பை பாக்க ஆளே வேணாவா?" என்று மனைவி கேட்டாள்.

"வேணாம்மா."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு கோபமே இல்லாமல், ஏதோ காய் விலை சொல்வது போலச் சொன்னாள்: "மெட்ராஸ் பீச்சுல நானு பையப் பாத்துகினு மணல்ல உக்காந்துகினு இருந்தேன். நீங்க வந்து மாத்தி உடுவீங்கன்னு பாத்தேன். அதுக்குள்ள பஸ்ஸுக்கு நேரமாச்சின்னுட்டீங்க. அன்னிக்கி காலுகூட நனைக்கல."

பல வருடத்துக்கு முன்பு குடும்பத்தோடு மெட்ராஸ் போனபோது நடந்தது அது; மகன் அப்போது கைக்குழந்தை இல்லை, ஓடி விளையாடுகிற வயது. நாங்கள் மூன்று பேரும் சொட்டச் சொட்ட நனைந்து வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் உலர்ந்த புடவையில் இருந்தது மட்டும் ஞாபகமே இல்லை. ஷிப்ட் முடிந்து மாற்று ஆள் வராவிட்டால் ஒருவன் எப்படித் தவிப்பான் என்று தினமும் பார்க்கிறவன் நான். என் வீட்டு ஆளை அத்தனை வருடமும் மாற்றிவிடாமல் வைத்திருக்கிறேன்.

"தப்புதாம்மே" என்றேன். பிள்ளைகள் முன்னால் நான் அப்படிச் சொல்வது அதுவே முதல் தடவை. மகன் பிஸ்கட்டை டீயிலேயே விட்டுவிட்டான்.

"பேனாவக் குடுங்க" என்றாள் அவள். எழுதுவது கோணலாக இருக்கும் என்று வழக்கமாகக் கூச்சப்படுகிறவள், என் கட்டங்களின் மேலேயே எழுதினாள். இட்லி என்ற வரியை அடித்தாள்; ஸ்டேஷனில் வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் தங்கும் ராத்திரிக்கு ராபர்ட்சன்பேட்டை பரோட்டா. துணி பக்கெட்டிலேயே ஊறட்டும். ஊருக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவது. "சித்திக்கு போன் போட்டு அடுப்பு பத்த வெக்க வேணாம்னு சொல்லிடுங்க. பாத்து, பேசி, சாயங்காலம் வந்துடலாம். அவங்களுக்கும்தான் எதுக்கு வேல?" அத்தனை வருடத்தில் நான் போட்ட எந்தப் பட்டியலும் அவ்வளவு சரியாக அமைந்ததில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் அந்தக் கருநீல உடையை எல்லோரும் பார்க்கவே பையில் வைத்தாள். "சாயம் போவுதான்னு ஒரு தபா அலசிப் பாத்தேன்" என்று என்னைப் பார்க்காமல் சொன்னாள். நான் பீரோவைக் குடைந்தது அவளுக்கு மடிப்பைப் பார்த்தே தெரிந்திருக்கும்.

பெங்களூர் நாள் நன்றாகவே போனது. மெட்ரோவில் அவளுக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. மறுநாள் பார்க்கில், உடை மாற்றும் அறையிலிருந்து வெளியே வர அவளுக்கு வெகுநேரம் ஆனது. துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வந்தவள், சுற்றிலும் தன் வயதில் எத்தனை பெண்கள் அதே கோலத்தில் இருக்கிறார்கள் என்று பார்த்ததும் அதைக் கழற்றி லாக்கரில் போட்டாள். அலைக்குளத்தின் ஓரத்தில், முழங்கால் அளவுத் தண்ணீரில் நானும் அவளும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அப்படியே கீழே விட்டாள். திரும்பத் திரும்ப அதையே செய்தாள்.

அப்போது சங்கு ஊதியது. நீளமாக, எங்கள் சின்ன வயதில் சுரங்கத்தில் ஊதுகிற அதே மாதிரி. சங்கு ஊதினால் ஷிப்ட் முடிந்தது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். "டைம் ஆய்டுச்சி போல" என்றாள். "வா, வா" என்றேன் நான். இருவரும் திரும்பி மளமளவென்று கரையைப் பார்த்து நடந்தோம். எதிரே ஒரு கூட்டமே கூச்சல் போட்டுக்கொண்டு உள்ளே ஓடி வருகிறது. இவர்கள் ஏன் இப்போது போய் வருகிறார்கள் என்று நான் எரிச்சல்படுவதற்குள் முதல் அலை முதுகில் அறைந்தது. இரண்டு பேரும் குப்புற விழுந்தோம்.

நான் மூக்கில் ஏறிய தண்ணீரோடு அவளைத் தேடினால், அவள் தண்ணீரிலேயே உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறாள். கொண்டை அவிழ்ந்து முகமெல்லாம் முடி. "இங்க சங்கு ஊதினாதான் வேலையே ஆரம்பிக்குது போல!" என்று சொல்லி மறுபடி சிரித்தாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. நனைந்த முகத்தில் யாருக்குத் தெரியப்போகிறது?

அலை அடங்கியதும் மகன் நீந்தி வந்தான். "ம்மா, பசிக்குது. ம்மா, என் டவல் எங்க?" அக்கா கூப்பிடுகிறாள் என்றும் சொன்னான். அவள் முடியை அள்ளி முடிந்துகொண்டு எழுந்தாள். நான் வழக்கம்போலக் கையை நீட்டினேன். அவள் அதைப் பிடிக்கவில்லை.

"நீங்க கூட்டினு போங்க" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரத்துக்கு என்னை யாரும் தேடாதீங்க."

சரி என்று சொல்லிவிட்டு மகனைக் கூட்டிக்கொண்டு கரையேறினேன். பின்னால் மறுபடி சங்கு ஊதியது. நான் நின்று பார்த்தேன். அவள் கரைப் பக்கம் திரும்பவில்லை.