மூன்றாம் அறை ஆப்பிள்

மாலை ஆறேகாலுக்குச் செய்தி வந்தபோது, கோர்படியில் உள்ள வீட்டுச் சமையலறையில் அச்சுதன் வெங்காய மூட்டையின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். எந்த மூட்டையும் வாய் கட்டிக் கிடப்பது அவருக்குப் பிடிக்காது. “அதுவும் மூச்சு விடறதுடி” என்பார் மனைவி பாலாம்பாளிடம். டிசம்பர் குளிரிலும் ஜன்னல் சாத்தக் கூடாது. லிஃப்டில் ஏற மாட்டார். நாலு மாடியும் நடைதான்.

சாகண் பக்கம் ஓர் ஆப்பிள் கிடங்கில் வேலை. மரத்தில் இருந்தபோது இலைகள் வெயிலை வைத்துச் சமைத்து அனுப்பிய சர்க்கரையை, பறித்த பிறகும் பழம் மூச்சு விட்டே செலவழிக்கிறது. மூச்சைக் குறைத்தால் செலவு குறையும், மாதக்கணக்கில் வாடாது. அதனால் அறையை இறுக்க மூடி, உள்ளிருக்கும் பிராணவாயுவை ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிடுவார்கள். “ஆப்பிள் தூங்கும். மனுஷன் தூங்கினா எழுந்துக்க மாட்டான்” என்று எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஃபோனில் கிடங்கு மேனேஜர் இந்தியில் பேசினார். மூன்றாம் அறைக் கதவில் உள்ள சின்னத் திறப்பு வழியாகச் சாம்பிள் பழம் எடுக்க, உடன் வேலை பார்க்கும் தங்கராஜ் தலையை நுழைத்திருக்கிறான். மூச்சுக் கருவி மாட்டிக்கொள்ளவில்லை. அப்படியே தொங்கிவிட்டான்; வெளியே இழுத்தபோது உயிர் இல்லை. திங்கட்கிழமை வியாபாரி வருகிறார், சாம்பிளை இனி நீங்கள் ஒருவரேதான் எடுக்க வேண்டும் என்று முடித்தார்.

தங்கராஜ் ஆகுர்டியில் இருந்தவன். அந்தக் கருவியைக் கண்டாலே அவனுக்குக் கேலி. “இத மாட்டிக் கழட்டுறதுக்குள்ள டீ ஆறிப்போயிரும்ணே. மூச்ச அடக்கிக்கிட்டு எட்டி நாலு பழம் எடுக்க எம்புட்டு நேரம்?”

அச்சுதன் விஷயத்தைச் சொன்னார். சாயங்காலத்துக்கு ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த பாலாம்பாளின் கத்தி நின்றது. தங்கராஜின் பெண்டாட்டியோடு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். அவர் ஆகுர்டிக்குக் கிளம்பச் சட்டையை எடுத்தார். 

சாம்பிளில் மிஞ்சிய பழங்களை வாராவாரம் அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். அவள் கையிலிருந்ததும் அதில் ஒன்றுதான். பாலாம்பாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரல் எழும்பாமல் கேட்டாள்:

“ஏன்னா, இதையெல்லாம் நீங்க கருவி மாட்டிண்டுதானே எடுத்தேள்?”

அச்சுதன் ஜன்னலருகே போய், வெகுநேரமாக அடக்கி வைத்திருந்ததுபோல மூச்சை விட்டார்.

தட்டில் நறுக்கிய துண்டுகள் பழுப்பாகிக்கொண்டிருந்தன. மீதிப் பாதியை அவள் நறுக்கவில்லை.