சிவகௌரிக்கு வந்த கனடாப் பிரிண்டர்

உரும்பிராயில் எங்கள் ஒழுங்கையில் யார் கண்ணை மூடினாலும், ஐயருக்குச் சொல்லியனுப்பிய கையோடு சிவகௌரிக்கும் சொல்லியனுப்புவார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற கல்வெட்டை அவள்தான் அடித்துக் கொடுப்பாள். செத்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், உறவினரின் புலம்பல் எல்லாம் சேர்ந்த சின்னப் புத்தகம் அது. டவுன் அச்சகங்கள் கொஞ்சமாக அடிக்கச் சொன்னால் முகம் சுளிக்கும். அதனால் வசதி குறைந்த வீடுகள் இவளிடம் வந்தன. கலியாணம் சரிவராமல் போனவளுக்கு ஊரில் ஒரு மதிப்பு இருந்தது என்றால், அது இந்த வேலையால்தான்.

அவளுடைய கம்பியூட்டர் பழையது. தட்டி வைத்த தேவாரங்களும் பக்க அமைப்புகளும் அதற்குள்தான் இருந்தன. புதியதில் திறந்தால் எழுத்தெல்லாம் பூச்சி பூச்சியாகத் தெரியும். அதனோடு இருந்த பிரிண்டர் ஒருநாள் அடியோடு நின்றுவிட்டது. சிவகௌரி கம்பியூட்டர்ப் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கோப்பாயில் கஜீபனின் கம்பியூட்டர்க் கடைக்குப் போனாள்.

"இதோடை சேருறதைத்தான் எடுப்பன் தம்பி. பூட்டிக் காட்டும்."

கஜீபன் பிரிண்டர்களை ஒவ்வொன்றாக அந்தப் பெட்டியோடு பூட்டினான். பளபளவென்று இருந்தவை பழைய பெட்டியை மதிக்கவில்லை. தாங்கியில் மை ஊற்றுகிற சாதாரணப் பிரிண்டர் ஒன்று மட்டும் கடகடவென்று அடித்தது. சிவகௌரி விரலை நனைத்து எழுத்தின் மேல் தேய்த்துப் பார்த்தாள். சாப்பிட்டுக் கைகழுவின ஈரத்தோடுதான் சனம் கல்வெட்டை வாங்கும். மை கலங்கவில்லை. அந்த மை இங்கேயே கிடைக்கும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, "நாளைக்குக் காசோடை வாறன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அன்று மாலை ரொறன்ரோவில் இருக்கும் தமையன் சண்முகநாதனுக்குப் போனில் இதைச் சொன்னதுதான் அவள் விட்ட பிழை.

"உந்தப் பிரிண்டரை வாங்காதை. திருவிழாவுக்கு வாறன், இஞ்சையிருந்து நல்லதொண்டு கொண்டு வாறன்."

"அண்ணை, நான் ஒண்டு பாத்து வைச்சிட்டன். என்ரை கம்பியூட்டருக்கு அதுதான்..."

"உனக்கென்ன தெரியும்? பேசாமல் இரு."

வெளிநாட்டுத் தமையன் கொண்டு வருகிறேன் என்ற பிறகு தங்கச்சி தானாக வாங்கினால், எங்கள் பக்கத்தில் அது அவர் முகத்தில் அடித்த மாதிரி. தகப்பன் பஞ்சலிங்கமும், "கொண்ணை சொன்னால் பொறு" என்றார். பொறுத்தாள். அந்த மாதங்களில் செத்தவர்கள் பொறுக்கவில்லை; கல்வெட்டுகள் வேறு இடங்களுக்குப் போயின.

திருவிழாவுக்குத் தமையனோடு பிரிண்டரும் வந்தது. வெள்ளை வெளேரென்று, பெரிய வீட்டுப் பெண் போல. கஜீபன் வந்து அரைநாள் மல்லுக்கட்டினான். "புது விண்டோஸ் இல்லாமல் உது அசையாது அக்கா. உதின்ரை மையும் இஞ்சை எடுக்கேலாது" என்றான்.

"அப்ப கம்பியூட்டரை மாத்து" என்றார் சண்முகநாதன். வேட்டியைச் சரிசெய்துகொண்டு தேருக்குப் போய்விட்டார். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பத்திக்கொண்டு வரும்.

அந்தப் பிரிண்டரை விற்கவும் வழியில்லை. வீடியோவில் கதைக்கும்போதெல்லாம் அவர் அதைக் காட்டச் சொல்வார். பிரிண்டர் வாங்க வைத்திருந்த காசு தகப்பனின் மருந்தில் கரைந்தது. சொல்லியனுப்பி வந்த வீடுகள் வேறு ஆட்களிடம் பழகிவிட்டன.

மறுவருடம் பஞ்சலிங்கம் போனார். ஊருக்கெல்லாம் கல்வெட்டு அடித்தவளுக்குத் தன் தகப்பனுக்கு ஒரு பக்கம் அடிக்க முடியவில்லை. சண்முகநாதன் எழுதிக் கொடுக்க, டவுனில் கலரில் அடித்து வந்தது. வாழ்க்கை வரலாற்றில் ஒரு வரி: "மூத்த புதல்வன் தன் தங்கைக்கு அச்சுத் தொழில் அமைத்துக் கொடுத்து அவளை வாழவைக்கக் கண்டு மகிழ்ந்தார்."

அந்தியேட்டிப் பந்தியில் பெரியம்மா நல்லம்மா அதைச் சத்தமாக வாசித்தார். "குடுத்து வைச்சனி பிள்ளை."

பரிமாறிக்கொண்டு நின்ற சிவகௌரி வாளியைக் கீழே வைத்தாள்.

"அவர் தந்த மிஷின் இண்டைவரைக்கும் ஒரு பக்கமும் அடிக்கேல்லை பெரியம்மா. என்ரை தொழில் போனதே அதாலைதான்."

வாசல் பக்கம் சண்முகநாதன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"செத்த வீட்டிலை உதே கதைக்கிறது? அவ்வளவு தூரத்திலையிருந்து சுமந்து கொண்டு வந்தவன். பாவம் அவன்" என்றார் பெரியம்மா. பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.